என் மௌனம் உன்னிடம் வந்த வழி

அன்பு மகளுக்கு,

ஞாயிறன்று நீ தொலைபேசியில் படித்துக் காட்டிய அந்த ஒற்றை வரி நான்கு நாட்களாக என்னை விட்டு அகலவில்லை. நீ தலைமை தாங்கும் குழுவினர் உன்னைப் பற்றிப் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தந்த மதிப்பீட்டில், உழைப்பு, நேர்மை, துறை அறிவு என்று எல்லாவற்றுக்கும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, "தவறு நேர்ந்தால் அவர் திட்டுவதில்லை; ஆனால் பேச்சை நிறுத்திவிடுகிறார், அதனால் எதையும் உடனே சொல்லத் தயக்கமாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "நான் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லையே அம்மா, இது என்ன நியாயம்?" என்று கேட்டாய். நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். அந்த மௌனம் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் வாய் எழவில்லை.

நேரில் சொன்னால் நீ இடையில் புகுந்து என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய். நானும் வசதியாகத் தேறிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் செவிலியாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. இரவுப் பணியில் ஒரு படுக்கையில் இருந்தவருக்குத் தர வேண்டிய மாத்திரையை அடுத்த படுக்கையில் இருந்தவருக்குத் தந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் எனக்கே தெரிந்தது. மருத்துவரை எழுப்பிச் சொன்னேன். யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. காலையில் பணி மாறும் நேரத்தில், கேஸ் ஷீட்டில் நானே எழுதியிருந்ததைப் பார்த்த வார்டு பொறுப்பாளர், நோயாளிகளும் அவர்களின் உறவினர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கால் மணி நேரம் என்னைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். அவர் கெட்டவர் அல்லர். மிகத் திறமையானவர், அவரிடம் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பணி ஓய்வு வரை பிழைத்தேன். ஆனால் அன்று மதியம் என் தோழிகள் எனக்குச் சொன்ன அறிவுரை "இனிமேல் கவனமாக இரு" என்பது அன்று. "இனிமேல் எழுதி வைக்காதே" என்பது.

அன்று ஒரு சபதம் எடுத்தேன்: எனக்குக் கீழ் நாலு பேர் வேலை செய்யும் காலம் வந்தால், ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டேன். அதை முப்பது ஆண்டுகள் காப்பாற்றினேன். நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். விருந்தினர்களிடம் நான் பெருமையாகச் சொல்லும் கதைகளில் அது முதன்மையானது. ஆனால் அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. குரலை உயர்த்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டேனே தவிர, கோபம் வரும்போது அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கத்தும் ஒருவரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கத்தாமல் இருப்பது ஒன்றே நல்ல தலைமை என்று தோன்றிவிட்டது. ஒருவரைப் பார்த்து அவரைப் போலவே ஆவது ஒரு வகைச் செல்வாக்கு. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு நேர் எதிராக நடப்பதும் அவர் நம்மீது கொண்ட செல்வாக்குத்தான் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகே விளங்கியது. இரண்டிலும் அளவுகோல் அவருடையதாகவே இருந்துவிடுகிறது.

நான் பொறுப்பாளராக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டிரிப் ஓடும் வேகத்தைத் தவறாக வைத்துவிட்டாள். நான் சுற்றி வரும்போது பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் வேகத்தைச் சரிசெய்துவிட்டு, அவள் முகத்தையும் பார்க்காமல் அடுத்த படுக்கைக்குப் போனேன். அந்த வாரம் முழுவதும் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறொன்றும் அவளிடம் பேசவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து வேறு இடத்துக்குப் போகும்போது அவள் என்னிடம் விடைபெற வந்து, "நீங்கள் திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் சிஸ்டர், அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை உங்களிடம் மறைத்துவிட்டேன்" என்றாள். என்ன விஷயங்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதையும் மௌனமாகவே கேட்டுக்கொண்டேன் என்றால் நீ சிரிப்பாய்.

பணி ஓய்வுக்குப் பின், தவறுகளையும் தலைமையையும் பற்றிப் பிறர் கண்டறிந்தவற்றைத் தேடிப் படித்தேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைப் பிரிவுகளில் நிகழும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாக இணைந்து இயங்கும் பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கியவருக்கு, அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம் என்ற விடை கிடைத்தது. அந்தப் பிரிவுகளில் தவறுகள் அதிகமாக நடக்கவில்லை. நடந்ததைச் சொல்ல அங்கே யாரும் அஞ்சவில்லை என்பதே அவர் சென்று சேர்ந்த விளக்கம். இதைப் படித்தபோது என் வார்டின் சுத்தமான பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. ஆண்டுதோறும் அவற்றுக்காக என்னைப் பாராட்டினார்கள். கத்தியவரின் வார்டிலும் பதிவேடு சுத்தமாகத்தான் இருந்தது. பேசாதவளின் வார்டிலும் சுத்தமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் பிறவிக் குணம், மாற்ற முடியாது என்று நீ நினைக்கலாம். உன் அப்பா அப்படித்தான் சொல்வார். இரட்டையர்களை ஒப்பிட்டு 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தலைமைப் பதவிகளுக்கு வருவதில் மனிதர்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு மரபணுவோடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. அதுகூடப் பதவிக்கு வருவதைப் பற்றியதே. வந்தபின் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியது அன்று. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய இரு சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. லெவின் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்ற கேள்வி அவருக்கு வெறும் ஆய்வுப் பொருளாக இருந்திருக்காது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஆணையிடும் தலைவர், கலந்து முடிவெடுக்கும் தலைவர், எதிலும் தலையிடாமல் விட்டுவிடும் தலைவர் என்று மூன்று விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஆணையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் சிறுவர்களின் வேலை தளர்ந்தது. கலந்து பேசும் தலைவர் போன பிறகும் அது தொடர்ந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த முடிவைத்தான். எனக்கோ அதன் அமைப்பு முக்கியமாகத் தெரிகிறது: அந்தத் தலைவர்கள் குழுவுக்குக் குழு மாறினார்கள், மாறும்போது தங்கள் நடத்தும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற ஒரே ஆள் ஒரு குழுவில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருக்க முடியும் என்றால், நம் பாணி நம் தோல் அன்று, அணிந்திருக்கும் சட்டைதான் என்றாகிறது. நெடுநாள் கழற்றாததால் தோல்போல ஒட்டிக்கொண்ட சட்டை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மௌனத்தையே குற்றம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நெல்சன் மண்டேலா தந்தையை இழந்தபின், தென்னாப்பிரிக்காவின் தெம்பு மக்களின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜோங்கிந்தாபாவின் வீட்டில் வளர்ந்தார். அங்கே கூடும் சபைகளில் பேச விரும்பிய ஆண் யாராக இருந்தாலும் பேசலாம். ஆட்சியாளரைக் கடுமையாகக் குறை சொல்லலாம். அவர் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் கேட்டு, இறுதியில் மட்டும் எழுந்து, பேசப்பட்டவற்றைத் தொகுத்து, ஒருமித்த முடிவு உண்டா என்று பார்ப்பார். தலைமை பற்றிய தம் எண்ணங்களை அந்தச் சிறுவயதுக் காட்சிகளே வடிவமைத்தன என்று மண்டேலா பின்னாளில் எழுதினார். அதுவும் மௌனம்தான். ஆனால் அந்த மௌனத்தில் மற்றவர்கள் பேசினார்கள். என் மௌனத்தில் மற்றவர்களும் வாயடைத்துப் போனார்கள். இரண்டையும் வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு வேறுபாடு தெரியாது. எதிரில் நிற்பவருக்கு நொடியில் தெரிந்துவிடும்.

கோபத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் கண்டவற்றில் நேர்மையான விடை, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவருடையது. சுமார் பத்து வயதில், அண்ணன்மாரோடு இரவில் வெளியே போகப் பெற்றோர் அனுமதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில், தோட்டத்து மரத்தைக் கை ரத்தமாகும்வரை குத்தினார். தந்தை அடித்துப் படுக்கைக்கு அனுப்பினார். சிறிது நேரம் கழித்து வந்த தாய், கையில் மருந்து தடவிக் கட்டுப் போட்டபடி, கோபத்தால் காயப்படுவது கோபப்படுபவரே என்று மெல்லப் பேசினார். தம் வாழ்வின் மிக மதிப்புள்ள கணங்களுள் ஒன்று என்று அவர் முதுமையில் அதை நினைவுகூர்ந்தார். அதனால் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. குடியரசுத் தலைவரான பின்னும் அவருடைய சினம் உடனிருந்தவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: தம்மை வெறுப்பேற்றியவரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேசையின் கடைசி இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். அதற்கு முன், இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படையிறக்கத்துக்கு ஆணையிட்டபோது, அது தோற்றால் வெளியிடுவதற்காக இன்னொரு தாளையும் எழுதித் தம்மிடம் வைத்திருந்தார். குறை ஏதும் இருந்தால் அது தம்முடையது மட்டுமே என்பது அதன் சாரம். பிறர் மீதான கோபத்தை இழுப்பறைக்கும், தவறுக்கான பொறுப்பைத் தம் சட்டைப் பைக்கும் அனுப்பத் தெரிந்த அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது, கட்டுப் போட்டுக்கொண்டே பேசிய அந்தத் தாயின் மீதுதான் எனக்குப் பொறாமை வந்தது. நானும் ஆயிரம் கட்டுகள் போட்டவள். போட்டுக்கொண்டே பேசியிருக்கலாம்.

இங்கேதான் உன்னிடம் வர வேண்டியிருக்கிறது. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் பையிலிருந்த வெப்பமானி உடைந்தது. நீதான் உடைத்தாய் என்பது எனக்கு அன்று மாலையே தெரியும். கண்ணாடித் துண்டுகளைத் தாளில் சுற்றி உன் அலமாரியின் பின்புறம் வைத்திருந்தாய். பாதரசம் எங்கே சிந்தியது என்று உடனே கேட்டிருக்க வேண்டும். தாயாகவும் செவிலியாகவும் அதுதான் என் கடமை. நானோ நீயே வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன், தலை பின்னிவிடும்போது வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொல்லவில்லை. மூன்றாம் இரவு நீ அழுதுகொண்டே வந்து சொன்னாய். நான் உன்னை அடிக்கவில்லை, ஏசவில்லை, அதை எண்ணி மனநிறைவோடு தூங்கினேன். நீ கற்றுக்கொண்டது உண்மை சொல்வதை அல்ல. ஒருவரைப் பணியவைக்க எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்பதை. இன்று உன் குழுவில் பெயர் எழுதாமல் அந்த வரியை எழுதியவர், அந்த மூன்றாம் இரவுக்குக் காத்திருக்கும் இன்னொரு சிறுமியாக எனக்குத் தோன்றுகிறார்.

உன் தலைமை முழுவதும் என்னால் ஆனது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அகந்தை இல்லை. கல்லூரியில் உன் குழு திட்டத்தை முடிக்காமல் கைவிட்டபோது இரவு பகலாக நீ ஒருத்தியே முடித்தாயே, இன்றும் பிறர் வேலையை வாங்கி நீயே செய்துவிடும் பழக்கம் அங்கே பிறந்தது என்பது என் ஊகம். உன் முதல் மேலாளர், எந்தக் கூட்டத்திலும் இளையவர்களை முதலில் பேசச் சொல்வார் என்று வியந்து எழுதினாய். இப்போது நீயும் அப்படிச் செய்கிறாய், அதை யாரிடமிருந்து எடுத்தாய் என்பதை மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அப்பாவிடமிருந்து வந்தது அந்த நேரம் தவறாமை. அதை அப்படியே வைத்துக்கொள். ஒவ்வொரு பழக்கமும் எந்த நாளில், யாரிடமிருந்து, எந்த அச்சத்துக்கு மருந்தாக வந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பார். அந்த அச்சம் இன்னும் இருக்கிறதா என்பதையும் பக்கத்தில் எழுது. என்னைப் பார்த்துக் கத்தியவர் ஓய்வு பெற்ற பின்னும் நான் இருபது ஆண்டுகள் அவருக்குப் பயந்தே வார்டு நடத்தினேன்.

அந்த வரியை எழுதியவர் யார் என்று தேடாதே. அடுத்த கூட்டத்தில், இந்த மாதம் நீ செய்த ஒரு தவறை, சிறியதானாலும் உண்மையானதை, நீயே முதலில் சொல். பிறகு யாராவது தம் தவறைச் சொன்னால், அன்று மாலைக்குள் அவரிடம் வேலையோடு தொடர்பில்லாத ஏதேனும் ஒன்றைப் பேசு. தலை பின்னும்போது சொல்லும் கதையைப் போல.

வருகிற ஞாயிறு நீ அழைக்கும்போது, இந்தக் கடிதத்தைப் பற்றி நான் பேச்செடுக்காமல் இருந்தால் விட்டுவிடாதே, நீயே கேள். அந்த இளம் செவிலியின் தொலைபேசி எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இன்னும் அழைக்கவில்லை. அழைத்தேனா என்பதையும் கேள்.

அன்புடன்,
அம்மா