நாகமும் சாரையும் அல்ல, இரண்டுமே சாரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயலோரத்தில் இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்கும் படத்தை, 'நாகமும் சாரையும் இணை சேரும் அபூர்வக் காட்சி' என்று வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பவை இரண்டுமே சாரைப்பாம்புகள். அது ஆண் சாரைகளின் சண்டை. முன்னுடம்பைத் தூக்கி, எதிரியின் தலையைத் தரையோடு அமுக்கப் பார்க்கும். தோற்றது விலகிப் போய்விடும், அவ்வளவுதான்.

நல்ல பாம்புக்கு ஆண்தான் சாரை என்று நம் பக்கத்தில் இன்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். நல்ல பாம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, சாரையிலும் அப்படியே. இன்னும் சொன்னால், நல்ல பாம்பு சாரையைப் பிடித்து விழுங்கவும் செய்யும். இந்த நம்பிக்கையால், பிணைந்து நிற்கும் பாம்புகள் மேல் வெள்ளைத் துணி போட்டு எடுத்துப் பூஜையறையில் வைக்கக் கூட்டம் கூடிவிடுகிறது. இனியாவது படத்தோடு உண்மையையும் போடுங்கள்.

சாரைக்கு விஷம் கிடையாது. வாலால் அடித்தால் உடம்பு அழுகும், மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பதெல்லாம் வெறும் கதை. அது பகலில் இரை தேடும், ஆறேழு அடிக்கு மேல் வளரும் என்பதால் நம் கண்ணில் அடிக்கடி படுகிறது, பட்டவுடன் கம்பெடுக்கிறோம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுபவர்களுக்கு எலித் தொல்லையைச் சொல்லத் தேவையில்லை. வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிடும், கதிரைக் கடித்து வளைக்குள் சேர்க்கும். அந்த வளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிப்பது சாரை. இரையைச் சுற்றி நெரிக்காமல், உடம்பால் தரையோடு அழுத்தி உயிரோடு விழுங்கும். அதைக் கொன்றுவிட்டு எலி மருந்து வாங்க ஓடுவது என்ன நியாயம்? 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது.

சாரைக்குக் கண் பெரிது, உதட்டுச் செதில்களில் கறுப்புக் கோடுகள் தெரியும், படம் எடுக்காது. மிரண்டால் கழுத்தை உப்பவைத்து உறுமும். ஆனாலும் படம் எடுக்காத நல்ல பாம்பும் தூரத்தில் சாரை போலத்தான் தெரியும். அதனால் யாரும் கையால் பிடிக்க வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்தது சாரைதான் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சேரன்மகாதேவி