நமது மரவேலைச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் அறிக்கையின் படி ஒன்று தபாலில் போகும்.

செயலவை ஏழு முறை கூடியது. ஜூன் மாதம் உளி தீட்டும் பயிற்சி நடந்தது. ஆகஸ்டில் கூட்டுப்பணி செய்து பட்டறைக் கூரையின் ஒழுகலை அடைத்தோம்; இன்னும் ஒழுகுகிறது. தீபாவளி விருந்து சிறப்பாக நடந்தது. அதற்கு மட்டும் நாற்காலி போதவில்லை.

இனி, கையில் பிடித்து இயக்கும் சி.என்.சி. ரூட்டர், அதாவது கணினி வழிகாட்ட மரத்தை வெட்டும் கருவி, பற்றி. சென்ற கூட்டத்தில் இதை வாங்கலாம் என்று கை தூக்கியவர்கள் 19 பேர். ஆளுக்கு 400 ரிங்கிட் என்பதும் அதே கூட்டத்தின் முடிவுதான். கூட்டக் குறிப்பு என் கையெழுத்திலேயே இருக்கிறது; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். “செயலாளர் தன் ஆசைக்கு வாங்கிக்கொண்டார்” என்று காப்பிக் கடையில் பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கமான சி.என்.சி. இயந்திரத்துக்கு அதன் மேசைதான் எல்லை; மேசையை விட நீளமான பலகையை அப்படியே வைத்து வெட்ட முடியாது. ஷேப்பர் ஆரிஜின் என்ற இந்தக் கருவிக்கு மேசையே கிடையாது. அலெக் ரிவர்ஸ், இலான் மோயர் முதலானோர் 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பிறந்த யோசனை இது. டோமினோ காய்களைப் போலப் புள்ளிகள் அச்சிட்ட நாடாவைப் பலகையின் மேல் ஒட்டுகிறோம். கருவியின் கேமரா அந்தப் புள்ளிகளைப் படித்துத் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. திரையில் தெரியும் கோட்டை ஒட்டி நாம் கையால் நகர்த்துகிறோம். கை கொஞ்சம் கோணினாலும் உள்ளே சுழலும் வெட்டுமுனை தானாக நகர்ந்து கோட்டிலேயே நிற்கும். அளவுக்கு மீறி விலகினால் முனை மேலே ஏறிவிடும். சாதாரண ரூட்டரில் கை தவறினால் பலகை போகும். இதில் நேரம்தான் போகும். கை நடுங்கும் வயதில் இருக்கும் நம் மூத்த உறுப்பினர்களுக்காகத்தான் இதை முன்மொழிந்தேன். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

ஒரு தவற்றை நானே ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஒருவரிடம் பழைய கருவியாக வாங்கினோம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 240. பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன்; செருகியிருந்தால் இந்தப் பத்தியே வேறு மாதிரி இருந்திருக்கும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கினேன். ஆட்டுக்கல் கனம். அதன் விலையைச் சங்கத்திடம் கேட்கவில்லை. பதிவில் மட்டும் இருக்கட்டும்.

முதல் வேலையே தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு. பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசம். கருவி வந்தது ஜனவரி முதல் வாரம். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் ‘வெற்றிவேல் வீரவேல்’ என்று ஆறடிப் பலகை வைக்க ஒப்புக்கொண்டிருந்தோம். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டினோம். எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் கருவிக்குப் புரியாது. கோட்டுருவமாக மாற்றி எஸ்.வி.ஜி. என்ற படக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். இதற்கே இரண்டு இரவு போனது. பிறகு கொம்புகள். 6 மில்லிமீட்டர் முனை கொம்பின் சுழிக்குள் நுழையவே இல்லை. 3 மில்லிமீட்டர் முனைக்கு மாறினோம். அது மெல்லியது, ஆழமாக ஒரே தடவையில் வெட்டினால் ஒடிந்துவிடும். நான்கு தடவையாக இறக்கி வெட்டியதில் ஓர் எழுத்துக்கு அரை மணி நேரமானது. ஆங்கில எழுத்தில் பெயர்ப்பலகை செய்து பழகிய நம் இளைஞர்களுக்குத் தமிழ் எழுத்தின் வளைவு அன்றுதான் புரிந்தது.

அந்தச் சொற்களில் மெய்யெழுத்துப் புள்ளிகள் மூன்று. வெட்டி முடித்ததும் மூன்றும் மரத்தூளில் விழுந்தன. இரண்டைக் கண்டெடுத்தோம். மூன்றாவதைத் தூசி உறிஞ்சி விழுங்கிவிட்டது என்பது என் கணிப்பு. ‘வீரவேல’ என்று பந்தலில் ஏறிய பலகையைப் பார்த்து, மோர் வாங்க வந்த தமிழாசிரியை ஒருவர், “முருகன் புள்ளியில்லாமல் வருவானா, தம்பி?” என்று கேட்டார். தண்ணீர்ப் புட்டியின் மூடியை ஒட்டிச் சமாளித்தோம். மறுநாள் வரை யாரும் கவனிக்கவில்லை.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடாவின் மேல் தூள் படிந்தால் கேமராவுக்குக் கண் தெரியாது. நாடா ஒரு சுருள் 45 மீட்டர். ஒரு தடவை உரித்தால் மறுபடி உதவாது. இவ்வாண்டு மூன்று சுருள் தீர்ந்தது. சங்க வேலைக்குப் போனது ஒன்றரை. மீதியை யார் வீட்டு அலமாரிக்கு ஒட்டினார்கள் என்று பெயர் சொல்ல மாட்டேன். எடுத்துப் போனவர் குறிப்பேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்து மட்டும்.

கை தூக்கிய 19 பேரில் பணம் கொடுத்தவர்கள் 11 பேர். குறைந்த 3,200 ரிங்கிட்டில் 2,000 சங்க நிதியிலிருந்து வந்தது. 1,200 என்னுடையது. இதை நான் கடன் என்று எழுதினேன்; பொருளாளர் நன்கொடை என்று எழுதியிருக்கிறார். திருத்தித் தருமாறு அன்போடு கேட்கிறேன்.

மற்ற வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. கணக்காய்வாளரின் கேள்வி ஒன்றுக்கு மட்டும் விளக்கம் தருகிறேன்: ‘செங்கல், இரண்டு துண்டு’ என்று கணக்கில் இருப்பது சுட்ட கல் அல்ல. இந்நாட்டுக் காட்டில் விளையும் அந்தக் கனத்த மரத்தின் மலாய்ப் பெயர் அது. அந்த விலைக்குச் செங்கல் வாங்கும் அளவுக்கு நாம் வசதியாக இல்லை.

ஆண்டுச் சந்தா 60 ரிங்கிட். தீவிலிருக்கும் உறுப்பினர்கள் சந்தா கட்டவோ கூட்டத்துக்கோ வராததற்குப் பாலத்தின் டோல் கட்டணத்தைக் காரணம் சொல்கிறார்கள். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போதுதான் டோல். இங்கே பெருநிலத்திலுள்ள பிறைக்கு வருவதற்கு ஒரு சென்கூட இல்லை. கூட்டத்துக்கு வருவது இலவசம், வீடு திரும்புவதுதான் செலவு. அதற்காக வராமலே இருப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

தலைவருக்கும், இடம் தந்த உறுப்பினரின் குடும்பத்துக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி. இந்தக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் அனுப்ப வேண்டும். அதை நான் செய்துவிடுகிறேன்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன். கருவியை விற்றுவிடலாம் என்று ஒரு தீர்மானம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் வாக்களிக்க 400 ரிங்கிட் கொடுத்த ரசீது தேவை என்று செயலவை முடிவு செய்வது முறையாக இருக்கும்.

பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பேன். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கும்.

பணிவன்புடன்,
செயலாளர்