தரைக்கடியில் ஏழு பேர்

குடியாத்தம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு நைனா எழுதுவது.

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். தறியில் இழை அறுந்து கிடந்தது, கண்ணெல்லாம் அதன் மேலேயே. வீட்டில் பூஜை ரூம் இல்லை, பிடித்த மாதிரி சாமி படமும் கிடைக்கவில்லை, நடக்கப் போகிற இடத்தில் கிடக்கிற கல்லையும் காயையும் பொறுக்கி ஒரு மூலையில் வைத்துக் கும்பிட்டால் தப்பா என்று கேட்டாய். உன் அம்மா குறுக்கே புகுந்து, "நான் படம் அனுப்புறேன், கண்டதையும் வைக்காதே" என்றாள். அவள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

தப்பே இல்லை. நம் ஊரில் சாமி பாதிக்குப் பாதி அப்படித்தான் வந்திருக்கிறது. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் வரிசையாக ஏழு கல், ஆளுக்கு ஒரு மஞ்சள் பொட்டு, அதன் மேல் குங்குமம். அவ்வளவுதான், கன்னிமார். எந்தச் சிற்பியும் உளி வைத்ததில்லை. மார்கழியில் உன் அம்மா சாணியை உருட்டி, பூசணிப்பூ செருகி, கோலத்தின் நடுவில் வைக்கிறாளே, அது எந்தக் கடையில் வாங்கினது?

படித்தவர்கள் கும்பிடுகிற முறையிலும் இது உண்டு. பஞ்சாயதன பூஜை என்று கோயில் குருக்கள் ஒருத்தர் எனக்கு விளக்கிச் சொன்னார். ஐந்து சாமிக்கு ஐந்து கல். ஒன்றுக்கும் கை கால் முகம் கிடையாது. நர்மதை ஆற்றுக் கல் சிவன், கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் பெருமாள், சோணை ஆற்றுச் சிவப்புக் கல் பிள்ளையார், சொர்ணமுகி ஆற்றுக் கல் அம்மன், நம் தஞ்சாவூர் வல்லத்துப் படிகம் சூரியன். நர்மதைக் கல்லுக்கும் சாளக்கிராமத்துக்கும் பிரதிஷ்டைகூட வேண்டாமாம், ஆற்றிலிருந்து வரும்போதே சாமியாகத்தான் வருகிறது என்றார். உன் அம்மாவிடம் நீ இதைச் சொல். நான் சொன்னால் எடுபடாது.

வேலூர்க் கோட்டைக் கோயிலை எடுத்துக்கொள். கல்யாண மண்டபத்துத் தூணில் யாளியும் குதிரையும் அப்படி ஒரு வேலைப்பாடு. ஆனால் பல நூறு வருஷம் உள்ளே மூலவரே இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16-ஆம் தேதிதான் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த வாரம் என் அம்மாவை, உன் ஆயாவை, பஸ்ஸில் கூட்டிப்போனேன். கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்ததும் ஆயா கேட்டாள்: "இத்தினி நாளு வூடு கட்டி வச்சிட்டு ஆளு இல்லாம இருந்தாங்களா?" உன் கஷ்டம் அதற்குத் தலைகீழ். ஆள் இருக்கிறது, வீடுதான் இல்லை. ஒரு பலகை போதும்.

ஆயா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நம் தறிக்கொட்டகை இருக்கிற இடம் அப்போது தோட்டம். மூலையில் வேப்பமரம், அடியில் ஆயாவின் ஏழு கல். எல்லாம் கவுண்டன்யா ஆற்றில் பொறுக்கினது. ஏழும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் முதல் கல். எனக்கு அம்மை போட்டு இறங்கின பிறகு தண்ணீர் ஊற்றி எழுப்பிய அன்றைக்கு ஒரு வெங்கச்சாங்கல், கோழிமுட்டை அளவு, நடுவில் சாம்பல் நிறக் கோடு ஓடும். நான் முதல் லுங்கி நெய்து இறக்கின வாரம் ஒன்று. ஏழாவது கல்லுக்காகப் பல வருஷம் காத்திருந்தாள். ஆற்றுக்குப் போனால் குனிந்து எடுப்பாள், புரட்டிப் பார்ப்பாள், திரும்பப் போட்டுவிடுவாள். "இது வரமாட்டேங்குதுடா" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் கிணற்று நீர் விட்டு ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால், குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி.

1993-இல், நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், கொட்டகை கட்டினோம். ஆயா பேரணாம்பட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். தரைக்குக் கீழே நிரப்ப ஜல்லி பத்தவில்லை என்று மேஸ்திரி நின்றார். "அங்கே கிடக்கிற கல்லு மண்ணு எல்லாத்தையும் தள்ளுங்க" என்று சொன்னது நான்தான். அவசரம், கடன், வேறென்ன சொல்ல. மறுநாள் சிமென்ட் போட்டாகிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆயா திரும்பி வந்து மரம் இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. எந்த மூலையில் என்று மட்டும் கேட்டாள். நானும் குத்துமதிப்பாகக் காட்டினேன். வெள்ளிக்கிழமை வந்ததும் அந்த மூலைத் தரையைக் கழுவி, ஏழு மஞ்சள் பொட்டு வைத்தாள். சாகிற வரைக்கும் வைத்தாள். நீ ஒன்பது வயதில் ஒரு லீவில், கொட்டகையில் சாயக் கறை என்று சொல்லி சோப்புப் போட்டுத் தேய்த்தாயே, போகவே இல்லை என்று அழுதாயே, அது சாயம் இல்லை.

2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்ததே, அது வடிந்த பிறகு நானும் போய்க் குனிந்து பார்த்தேன். ஏராளமாக ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றும் எனக்கு வரவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பை நிறையப் பொறுக்கி வந்து அலங்காரம் பண்ணிவிடாதே. அது கொலு. ஒன்று வை, பழகு, அப்புறம் அடுத்தது. விழுந்ததை எடு, பறிக்காதே, ஒடிக்காதே. அங்கே ஜெர்மனியில் சட்டமே ஒரு கைக்கொத்து அளவு எடுக்கலாம், காப்புப் பகுதியில் தொடக் கூடாது என்று இருப்பதாக நீதானே சொன்னாய். நல்ல சட்டம். ஆயாவுக்குப் பிடித்திருக்கும்.

போட்டோவில் காட்டினாயே, புளியங்கொட்டை நிறத்தில் பளபளவென்று ஒரு பெரிய கொட்டை, குதிரைக் கஷ்கொட்டையோ என்னவோ, அதை டப்பாவில் மூடி வைக்காதே, பூசணம் பிடிக்கும். ஹீட்டர் பக்கத்தில் திறந்து காயவை. கொஞ்ச நாளில் பளபளப்பு போய்ச் சுருங்கும். போகட்டும், அடுத்த வருஷம் மரம் மறுபடி போடும். பைன் காயை உதறிவிட்டு வை, பூச்சி இருக்கும்.

கற்பூரம் வேண்டாம். போன தடவை புகை அலாரம் அடித்து மேல்வீட்டு அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்த கதை போதும். சின்ன அகல், அதுவும் நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முடியாத நாளில் ஒரு டம்ளர் தண்ணீர், மறுநாள் அதைச் செடிக்கு ஊற்று. தினமும் தொட முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையாவது எடுத்துக் கழுவு. தூசி படிந்து கிடந்தால் அது வெறும் ஷோகேஸ்.

நீ கேட்ட மயிலிறகு அனுப்ப முடியாது. நாட்டை விட்டுப் போகக் கூடாதாம், பார்சல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கல்லும் அனுப்பப்போவதில்லை. எனக்கே ஒன்றும் வரவில்லை என்று சொன்னேனே. வைகாசி 1-ஆம் தேதி சிரசுத் திருவிழாவுக்கு நீ வந்தால், கெங்கையம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே ஆற்றில் இறங்கி நீயே தேடு.

பார்சலில் அம்மாவின் படமும் இருக்கிறது. திருப்பி அனுப்பிச் சண்டை இழுக்காதே, சுவரில் மாட்டு. கீழே பலகையில் விரிக்க நம் தறித் துணியில் ஒரு முழம் வைத்திருக்கிறேன். நீலமும் வெள்ளையும், பெரிய கட்டம். எந்தக் கட்டத்தில் எதை வைத்தாய் என்று போனில் சொன்னால் எனக்கு இங்கிருந்தே புரியும்.

இப்படிக்கு,
நைனா