டீச்சர் வீட்டு நம்பர்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அன்று போனில் உன்னிடம் பாதியைத்தான் சொன்னேன். நீ பதறுவாய் என்று மீதியை விழுங்கிவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. பனியன் தொப்பலாக நனைந்து, பேச்சு குழறியது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், குடித்தார். உன்னைக் கூப்பிடலாம் என்றால் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அவர் போனோ அவர் விரலுக்குத்தான் திறக்கும். கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். வியர்வை ஈரத்தில் திறக்கவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தேன். நாற்பது வருஷமாக நான் பிடித்த கையப்பா அது.

உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீச்சர் வீட்டு ஐந்து இலக்க நம்பர் மட்டும் இன்னும் நாக்கு நுனியில் இருக்கிறது.

நம் வீட்டில் போன் இல்லாமல், நீ கோயம்புத்தூரில் படித்தபோது அதுதானே நம் பி.பி. நம்பர், அங்கே போட்டு நம்மைக் கூப்பிட்டுவிடச் சொல்லும் நம்பர்? உன் அத்தை கல்யாணப் பத்திரிகையில்கூட அதைத்தான் போட்டோம். ராத்திரி கட்டணம் குறையும்வரை நீ வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருப்பாய். டீச்சர் முகம் சுளிக்காமல் வந்து கதவைத் தட்டுவார். நான் பேசி முடிக்கும்வரை அவர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். உனக்கு வேலை கிடைத்த சேதி, நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லுமுன் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

2003-இல் இன்கமிங் இலவசமானதும் அப்பா மொபைல் வாங்கினார். பிறகு எனக்கும் ஒன்று. இப்போது கூடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறோம். ஒரே யூடியூப், அவருக்கு முழங்கால் வலி வைத்தியம், எனக்குத் திருப்புகழ். எதில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று பார்த்து அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறதாம். எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறது, பேசினால் தமிழில் எழுதுகிறது, அதையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுக்கு போன் போட்டால் யார் எடுத்தாலும் நாலு வார்த்தை பேசுவோம். உன் நம்பருக்குப் போட்டால் நீ மட்டும்தான் வருகிறாய். மருமகள் குரலும் பேத்தியின் சண்டையும் காதில் விழுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில் வையேன்.

அடுத்த வீட்டுத் தம்பி எங்கள் இரண்டு போனிலும் அவசரத் தொடர்பு என்று உன் பெயரை ஏற்றிக் கொடுத்தான். பூட்டைத் திறக்காமலே உன்னைக் கூப்பிடலாம், அவசர உதவி எண் 112-ஐயும் கூப்பிடலாம். நீயும் மருமகள் நம்பரை இன்றே அப்படி ஏற்றிவிடு. பேத்திக்கு உங்கள் இருவர் நம்பரையும் மனப்பாடம் பண்ணிக் கொடு.

உன் நம்பரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன். ரசம் நுரை கட்டும்வரை பார்க்காமல் சொல்லிப் பழகுகிறேன். எட்டு இலக்கம் வந்துவிட்டது. கடைசி இரண்டுதான் மாறி மாறி வருகிறது.

அன்புடன்,
அம்மா