மட்டக்கம்பு

கோத்தகிரி,
அக்டோபர் 28

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மற்ற வரிகளில் மனம் சென்றது. வெந்நீர் ஒத்தடத்தை மட்டும் விட்டுவிடாதே. பேத்திக்குக் காது குத்திய படத்தை ஜன்னலருகே வைத்திருக்கிறேன். அழுது முடித்த முகத்தில் அந்தச் சிறிய தோடு எவ்வளவு அழகாக இருக்கிறது!

இங்கே மழை பிடித்துவிட்டது. ஜூன், ஜூலையில் வரும் தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா தடுத்துவிடும். கூடலூர் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும்போது கோத்தகிரியில் சாரலும் காற்றும்தான் இருக்கும். எங்கள் மழை ஐப்பசியில்தான். நேற்று மேட்டுப்பாளையம் சாலையில் ஓரிடத்தில் மண் சரிந்ததால் முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான் மேலே வந்தது.

தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றிய என் நாவல் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். நீ வந்திருந்தபோது முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன் அல்லவா? 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் திம்பட்டிக்கு ஏறி வருவதில் தொடங்கும் அத்தியாயம். அதிலிருந்து நூற்று நாற்பது பக்கம் எழுதினேன். இப்போது எல்லாவற்றையும் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். பதறாதே. இரண்டு வருட உழைப்பு போனதே என்று ஒரு வாரம் மனம் கனத்தது உண்மை. அதன் பிறகு, பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

காரணம் எங்கள் கீழ்வீட்டு அம்மாயி. நீயும் பார்த்திருக்கிறாய், உனக்கு இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தாரே, அவர்தான். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கைக்குழந்தையோடு கப்பலேறி 1972-இல் இங்கே வந்தவர். ஆகஸ்ட் மாதம் ஒரு மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாவலுக்காக நான் சேர்த்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களானதையும், 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதையும், அப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததையும், மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதி பாதியாகப் பங்கிட்டதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மட்டக்கம்பு பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதுகூட இல்லை.

எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வந்தார். கைத்தடியைவிட மெல்லியது, நேரானது, இரு முனையும் வழுவழுவென்று தேய்ந்தது. தேயிலைச் செடிகளின் மேல் அதைக் கிடையாக வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டுமாம். கம்புக்குக் கீழே கை போனால் செடியின் மட்டம் கெட்டுவிடும். அடுத்த சுற்றில் கொழுந்து ஏறுமாறாக வரும். பழகியவர்களுக்குக் கம்பு தேவைப்படாது, கண்ணே அளந்துவிடும். ஆனாலும் கங்காணி பார்க்கும்போது வைத்தாக வேண்டும். திண்ணையில் என் புடவை முந்தானையை விரித்து, அதன் மேல் கம்பை வைத்து, இல்லாத கொழுந்தை இரண்டு கையாலும் கிள்ளிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒடிக்கும். உள்ளங்கை நிரம்பியதும் தோளுக்கு மேலே பின்னால் வீச வேண்டும். இல்லாத கூடைக்குள் இல்லாத கொழுந்து விழுந்ததை நான் பார்த்தேன் என்றே சொல்வேன்.

அன்று இரவே நூற்று நாற்பது பக்கத்தையும் திரும்பப் படித்தேன். ஒரு பக்கத்தில்கூட யாரும் வேலை செய்யவில்லை. எல்லோரும் துன்பப்படுகிறார்கள், ஏங்குகிறார்கள், சரித்திரம் அவர்கள்மேல் வந்து விழுகிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு அவர்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி இல்லை. நாள் முழுவதும் கையால் வாழ்ந்தவர்களைப் பற்றிய நாவலில் கையே இல்லாமல் போயிருந்தது.

இதே சமயத்தில் நான் இரவுதோறும் ஓர் அத்தியாயமாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகம் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. கல்லூரியில் நமக்குப் பாடமாக வந்த சில பக்கங்களோடு விட்டிருந்தேன். இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். 1940 முதல் அவர் மறைந்த 1942 வரை ஆனந்த விகடனில் எழுதி, முடிக்காமலே விட்டுச் சென்றது. அதில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் இருக்கிறது. 1880 அக்டோபர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று அவர் கேட்கிறார். ஏட்டைக்கூடக் கண்டதில்லை என்ற நிலை. அந்தக் கேள்வியிலிருந்து ஏழு வருடம் கழித்து, 1887-இல் சீவக சிந்தாமணி பதிப்பு வருகிறது. அம்மாயி என்னிடம் மட்டக்கம்பைப் பற்றிக் கேட்ட அதே வாரத்தில் இந்த இடத்தைப் படித்தேன். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உ.வே.சா. பெரியவர், அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் ஒருவர் கேட்ட கேள்வியைக் காயமாக எடுத்துக்கொள்ளாமல் வேலையாக எடுத்துக்கொண்டாரே, அந்தக் குணத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். நீயும் இந்தப் புத்தகத்தை முழுதாகப் படி. ஏடு தேடி ஊர் ஊராகப் போகும் பகுதிகளை நடு இரவில் நிறுத்த முடியாது.

அன்றிலிருந்து நான் சொற்களைச் சேர்க்கிறேன். பிஸ்கட் டப்பாவில் அட்டை அட்டையாக வைத்திருக்கிறேன், இருநூறைத் தாண்டிவிட்டது. காலையில் ஆள் எண்ணும் இடம் பெரட்டுக்களம். முழு நாள் கூலி கிடைத்தால் முழுப்பேர். கிள்ளிய கொழுந்து கிலோ கணக்கில் குறைந்தால் அரைப்பேர். வேலையை விட்டு நீக்கிக் கொடுக்கும் தாள் பத்துச்சீட்டு. இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குத்துணி படங்கு. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் முன்திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். அது டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல். அறையைக் குறிக்கும் காம்பரா போர்த்துக்கீசியச் சொல். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்களின் தமிழ், அங்கே இத்தனையையும் சேர்த்துக்கொண்டு நூறு வருடம் கழித்து நீலகிரிக்கு வந்து இறங்கியிருக்கிறது. ‘பேர்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார். அரை நாள் கூலியைப் பாதிப் பெயர் என்று சொல்லும் ஒரு வாழ்க்கை! அம்மாயியின் பேரப்பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொற்களில் பாதி தெரியாது.

இந்த வருடம் படித்தவற்றில் மனதுக்கு மிக நெருங்கியவை எவை என்றும் கேட்டிருந்தாய். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நாவலைத் திரும்பப் படித்தேன். 1963-இல் வந்தது. கணவர் மின்துறைப் பொறியாளர் என்பதால் நீலகிரிக்கு வந்து வாழ்ந்து, படகர்களோடு பழகி எழுதினார். வெளியிலிருந்து வந்த ஒருவர் இன்னொரு சமூகத்தை இவ்வளவு மதிப்போடு எழுத முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சில இடங்களில் விளக்கம் கூடிவிடுகிறது என்பது என் எண்ணம். அதையும் மன்னிக்க வைத்துவிடுகிறது அந்த மனிதர்கள்மேல் அவருக்குள்ள பிரியம்.

பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் எழுதியது. நோயும் கடனும் எப்படி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதை ஒரு மருத்துவர்தான் அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியும். இதை மட்டும் இரவில் படிக்காதே. எனக்கு மூன்று நாள் உறக்கமில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்ற சிறுகதையை. ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்க வேண்டிய நெருக்கடி, அவ்வளவுதான் கதை. இடம் போதாமை மனிதர்களின் மானத்தை என்ன செய்கிறது என்று அதில் படித்த பிறகு, அளவுகளைப் பற்றி நான் அதுவரை எழுதிய ஒவ்வொரு வரியும் வெறும் தகவலாகத் தெரிந்தது. அம்மாயியிடம் அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் விளக்கேற்றினார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இனி திட்டத்தைச் சொல்கிறேன். புது நாவல் ஐந்து வருடத்துக் கதை. கப்பலிலிருந்து இறங்குவதில் தொடங்கி, அவர்களே நட்ட செடியிலிருந்து முதல் கொழுந்து கிள்ளுவதில் முடிகிறது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழ்நாட்டு வனத்துறை தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற அரசு நிறுவனமாயிற்று. இலங்கையில் தாத்தா பாட்டி நட்ட செடியில் கொழுந்து எடுத்தவர்கள், இங்கே தாங்களே காட்டில் குழி வெட்டி நட வேண்டியிருந்தது. நட்ட பிறகு மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் என் நாவல். நாற்றங்கால், குழி, நடவு, நிழலுக்குச் சில்வர் ஓக், முதல் கவாத்து, கொழுந்து என்று வேலையின் வரிசையே அத்தியாய வரிசை. சல்லிவன் வரமாட்டார். ஒப்பந்தம் ஒரே வரியில் வரும், அதுவும் ஒரு குடும்பம் பிரியும் இடத்தில். அம்மாயியின் அக்கா கணவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அக்கா அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு பேரும் அதன் பிறகு நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தோட்டங்களுக்காக வெட்டிய காடு யாருடைய காடு? குறும்பர்களும் இருளர்களும் தேனெடுத்த, பணியர்கள் வாழ்ந்த காடுகளின் ஓரங்கள் அவை. நிலமில்லாமல் வந்தவர்களின் கதையை எழுதும்போது, நிலம் சுருங்கியவர்களை விட்டுவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். அவர்களுக்காக நான் பேசவும் முடியாது, அவ்வளவு பழக்கம் எனக்கு இல்லை. இப்போதைக்கு, குழி வெட்டும் அத்தியாயத்தில் ஒரு குறும்பப் பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார். ஒன்றும் பேசுவதில்லை. அது போதுமா என்று படித்துப் பார்த்து நீதான் சொல்ல வேண்டும். மூன்று அத்தியாயம் முடிந்ததும் அனுப்புகிறேன். சித்திரைக்குள் முடியும் என்று நினைக்கிறேன். அதன் பிறகு பிஸ்கட் டப்பாவில் உள்ள சொற்களைச் சிறிய அகராதியாகப் போட வேண்டும். நாவல் தவறிப்போனாலும் அகராதி தவறக்கூடாது என்று உறுதியாக இருக்கிறேன்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். நீ ராமநாதபுரத்தில் இருப்பது எனக்கு எவ்வளவு வசதி! இலங்கைக்குப் போன கூலிகளைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. அம்மாயியின் அப்பா சிறுவனாக அந்த முகாமில் இருந்துதான் கடல் கடந்தார். அப்போது கப்பல் தனுஷ்கோடியிலிருந்து. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அம்மாயி திரும்பியபோது தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமில் பதினோரு நாள் இருந்திருக்கிறார். அப்பா போன வழியில் மகள் திரும்பினாள் என்று நான் எழுதினால் போதாது. அந்த இடத்தை நான் பார்க்க வேண்டும். தை பிறந்ததும் வருகிறேன். இரண்டு பேரும் போகலாம்.

அதற்கு முன்னால், மண்டபம் பக்கம் போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் பார்த்து எழுது. மண்டபம் கேம்ப் ரயில் நிலையத்தில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியுமா? அம்மாயியிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். பதினோரு நாளும் அலைச் சத்தம் கேட்டது என்கிறார். பார்த்ததாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

என்றும் அன்புடன்,
உன் தோழி