ஊரணிக்கரைத் தரிசு நிலம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மாதம் போதிய ஆள் வராததால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் வேலை என்றால் ஊரணிக்கரையில் முள்ளடைந்து கிடந்த 2 ஏக்கரைக் காய்கறிக்குத் திருத்தியதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது நாமும் அரிவாளோடு இறங்கி அந்த நிலத்தை வெட்டினோம். வெட்டினோமே தவிர வேரைத் தொடவில்லை. ஒரு மரம் நின்ற இடத்தில் நாலைந்து கிளை வெடித்து, முன்பைவிட அடர்ந்துபோனது. அதனால் இந்த முறை ஜேசிபி வைத்துத் தூரோடு பறித்தோம். விறகைக் கரிமூட்டக்காரர் எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் ஜேசிபி வாடகையில் பாதிக்கு ஆயிற்று.

மீதிச் செடிகொடிகளை ஆடுகளிடம் விட்டோம். வெள்ளாடு அண்ணாந்து மேயும், செம்மறி குனிந்து மேயும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். முதலில் உறுப்பினர்கள் வீட்டு வெள்ளாடுகளைச் சித்திரையில் பத்து நாள் விட்டோம். கோவைக்கொடி, இலந்தை, வேலியோரத் தழை எல்லாம் காலியானது. எருக்கையும் பார்த்தீனியத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. அவற்றை நாம்தான் பிடுங்கினோம். வைகாசியில் ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் செம்மறி மந்தையோடு வந்தார். தினம் இடம் மாற்றி ஆறு இரவு கிடை போட்டார், அதாவது எருவுக்காக ஆடுகளை நிலத்திலேயே அடைத்தார். இரவுக்கு இவ்வளவு என்று கூலி, அவருக்கும் உடன் வந்தவருக்கும் சாப்பாடு. காலையில் போய்ப் பார்த்தால் மண் தெரியாமல் புழுக்கை. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். நானும் சந்தோஷமாக அறிக்கைக்கு இரண்டு வரி எழுதிவைத்தேன். அவற்றை இப்போது அடித்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு நல்ல மழை. ஐந்தாம் நாள் போனால், கிடை கிடந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம் முளைத்து நிற்கிறது, நாற்றங்கால் மாதிரி. சித்திரை, வைகாசிதான் அதன் காய் நெற்றாகி உதிரும் காலம். இனிப்பு நெற்றை ஆடு விரும்பித் தின்னும். உள்ளே இருக்கும் விதை செரிக்காமல் எருவோடு வந்துவிடும். தோல் இளகிய விதை, பக்கத்திலேயே உரம், மேலே மழை. பறித்துப் போட்டதை ஆடுகளைக் கொண்டே விதைத்திருக்கிறோம். கீதாரி மேல் குற்றமில்லை. அவரை வரச் சொன்ன மாதம் நான் குறித்தது.

அப்புறம் ஒரு வாரம் குனிந்த முதுகு நிமிரவில்லை. இரண்டு விரலால் தண்டைப் பிடித்து இழுத்தால் ஈர மண்ணிலிருந்து சத்தமில்லாமல் வரும். மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு வெள்ளை வேர். அதே செடியை மண் காய்ந்த பிறகு இழுத்தால் தலை மட்டும் கையோடு வருகிறது, வேர் உள்ளேயே நின்றுவிடுகிறது. முளை கண்ட மறுநாளே, மண் காய்வதற்குள் வந்து பறித்த மகளிர் குழுவினருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வராதவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

பறித்த கையோடு, தழை, சருகால் மண்ணை மூடும் மூடாக்குப் போட்டோம். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா பேச்சில் எத்தனையோ முறை கேட்ட சொல்தான், ஆனால் எவ்வளவு கனத்துக்கு என்பதில் கோட்டை விட்டோம். முதலில் கையளவு கரும்புச் சோகை பரப்பினோம். காற்று பாதியைக் கொண்டுபோனது, மீதியைத் துளைத்துக்கொண்டு கோரை ஊசி ஊசியாக வந்தது. அடுத்த பாத்திகளில் கீழே பச்சைத் தழை, அதன்மேல் தென்னை ஓலை, அதன்மேல் சருகு என்று முழங்காலில் பாதி உயரத்துக்குக் குவித்தோம். மற்ற களை அடங்கியது. கோரை அதற்கும் முழுசாக அடங்கவில்லை. பன்றி விட்டால் கிழங்கோடு கிளறித் தின்றுவிடும் என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது கூட்டமே சிரித்தது. அவர் சொன்னது உண்மைதான்; ஊருக்குள் பன்றி வளர்ப்பதை ஒத்துக்கொள்ள யாரும் தயாரில்லை, அவ்வளவுதான்.

சிங்கம்புணரிப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் தென்னைநார்க்கழிவு மலிவாக வந்தது. மக்க வைக்காமல் கத்தரிக்கு இட்டோம். பதினைந்து நாளில் இலை மஞ்சளாகிவிட்டது. மக்காத கழிவு மண்ணில் மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. மிச்சத்தைக் குவித்துச் சாணக் கரைசல் ஊற்றி வைத்திருக்கிறோம். யாரும் அள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

ஐப்பசியில் நட்டது சுமார் ஒரு ஏக்கர். கத்தரி சுமார். வெண்டை, தட்டாங்காய், பூசணி நன்றாக வந்தன. மூடாக்கு இருந்த பாத்தியில் தண்ணீர் விடும் இடைவெளி நாலு நாளிலிருந்து எட்டு நாளானது. நான் குறித்து வைத்திருக்கிறேன். கரையான் வந்தது உண்மை. காய்ந்த ஓலை இருக்கும்வரை அதைத்தான் தின்றது, செடிப் பக்கம் அதிகம் போகவில்லை. தேள் இரண்டு கண்ணில் பட்டன. ஆகவே மூடாக்கை வெறுங்கையால் கிளற வேண்டாம், குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். பொங்கலுக்கு உறுப்பினர் வீடு ஒன்றுக்கு ஒரு பூசணி கொடுத்தோம். சிலருக்குச் சின்னது கிடைத்தது பற்றி எழுத்துமூலம் வந்த புகாரைச் செயற்குழு பரிசீலித்து, பூசணி ஒரே அளவில் காய்ப்பதில்லை என்று பதில் அனுப்பியது.

மீதி ஒரு ஏக்கருக்கு அதே கீதாரியை இந்த மாசியிலேயே அழைத்தோம். நெற்று உதிரத் தொடங்குவதற்கு முன்பு, அறுவடைத் தாளில் ஒரு வாரம் மேய்ந்த ஆடுகளை நேராக நிலத்துக்குக் கொண்டுவரக் கேட்டோம். ஐந்து இரவு கிடை போட்டார். கணக்குச் சரியா என்பது ஆவணி மழைக்குப் பிறகு தெரியும். முளை கண்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு, வீட்டுக்கு ஒருவர் சாக்கோடு வரவேண்டும் என்ற தீர்மானத்தை இத்துடன் முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்