ட்யூப்பை மாற்றினீர்கள், கம்பியை விட்டுவிட்டீர்கள்

21 ஜூலை 2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
24 மணி நேர நடமாடும் டயர் பழுதுபார்ப்புச் சேவை,
சிங்கப்பூர்.

பொருள்: ஜூலை 11 நள்ளிரவில் செய்த பஞ்சர் வேலையும் அதற்கு வாங்கிய தொகையும்

ஐயா / அம்மையீர்,

உங்கள் வேனில் தமிழிலும் எழுதியிருந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. துவாசில் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு யீஷூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் மண்டாய் பக்கம் வரும்போது பின் சக்கரம் சேற்றில் போவதுபோல நெளிந்தது. என்னுடையது 125 சிசி கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள். ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். காற்று இறங்கிவிட்டால் அதற்கு மேல் ஓட்ட முடியாது. சாலையோரம் ஒதுங்கி நின்றேன். லாரிகள் கடக்கும்போது ஹெல்மெட்டே ஆடியது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பைக்கை ஏற்றி, பக்கத்துக் கார்பார்க்கில் இறக்கிவிட்டது. அதற்கு ஒரு காசும் வாங்கவில்லை.

அங்கிருந்துதான் உங்களை அழைத்தேன். ட்யூப் வண்டி, பின் சக்கரம், நிற்பது கார்பார்க்கில் என்று மூன்றையும் சொன்னேன். "எல்லாம் சேர்த்து 60 வெள்ளி" என்றார் உங்கள் ஊழியர். "எல்லாம் சேர்த்தா?" என்று திரும்பக் கேட்டேன். "ஆமாம்" என்றார். வேலை முடிந்ததும் வந்த ரசீதில் சேவை 60, ட்யூப் 18, பின்னிரவுக் கட்டணம் 30, விரைவுச்சாலைக் கட்டணம் 20, இவற்றின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 11.52 என மொத்தம் 139.52 வெள்ளி போட்டிருந்தது. மணி ஒன்றரை. கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் மூலம் கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது வேலைதான்.

வேலை செய்ய நீங்கள் அனுப்பிய பையன் நல்ல பையன். "அண்ணே, அண்ணே" என்று பேசிக்கொண்டே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, பழைய ட்யூப்பை உருவி, புதியதை நுழைத்து, காற்றடித்தார். "தம்பி, டயருக்குள்ள கை விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "பார்த்தாச்சுண்ணே, ஒன்னுமில்ல" என்றார். அவர் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியாதா? அடுத்தடுத்து மூன்று இடங்களுக்குப் போகவேண்டும் என்று அவர் போனில் பேசியதும் காதில் விழுந்தது. பழைய ட்யூப்பை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எதையும் தூக்கி எறியாத என் பழக்கத்தை வீட்டில் திட்டுவார்கள். இந்த முறை அது கைகொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு யீஷூன் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோவிலுக்குப் போனேன். கோவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அதே சக்கரம் மறுபடி இறங்கியது. மனைவி பட்டுப்புடவையோடு நடந்து கோவிலுக்குப் போனார், நான் வண்டியைத் தள்ளினேன். தொழிற்பேட்டையில் எல்லாக் கடையும் பூட்டு. ஒன்றில் மட்டும் பாதி ஷட்டர் திறந்திருந்தது.

அந்தக் கடையின் சீனப் பெரியவர் ட்யூப்பை எடுத்துப் போட்டுவிடவில்லை. முதலில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தார். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்தார். சீட்டுக்கு அடியில் இருந்த பழைய ட்யூப்பை எடுத்துக் கொடுத்தேன், அதையும் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டிலும் ஓட்டை ஒரே இடம்! டயரை முழுதாகக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் டயர் ரிம்மில் நகராது, அதனால் குத்துகிற பொருளும் அதே இடத்தில் காத்திருக்கும். பிறகு ஒரு துணியை டயருக்குள் விட்டுச் சுற்றித் தடவினார். துணி சிக்கியது. குறட்டால் இழுத்து எடுத்ததைக் காட்டி, "டாவாய்" என்றார். மலாயில் கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளிருந்து வரும் மெல்லிய எஃகுக் கம்பி அது. வெளியே ரப்பரோடு ரப்பராக அறுந்து போயிருந்தது, உள்ளே இரண்டு மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது. தடவினால் தெரியும், அதற்கு ஒரு நிமிடம் போதும். புது ட்யூப்போடு சேர்த்து அவர் வாங்கியது 25 வெள்ளி.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்குப் படங்கள் அனுப்பினேன். "இது புதிய பஞ்சர், நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. படத்தை யாராவது திறந்து பார்த்தார்களா?

நான் கேட்பது இதுதான். விரைவுச்சாலைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், வரியோடு 21.80. உங்கள் வேன் விரைவுச்சாலைப் பக்கமே வரவில்லை, வண்டி நின்றது கார்பார்க்கில். அரைகுறையாகச் செய்த வேலைக்கு வாங்கிய சேவைக் கட்டணம், வரியோடு 65.40. பெரியவருக்குக் கொடுத்த 25. ஆக 112.20 வெள்ளி. பின்னிரவுக் கட்டணத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஆனாலும் அந்த நேரத்தில் ஒருவர் வந்தது உண்மை, அதை விட்டுவிடுகிறேன். ட்யூப் விலையையும் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதிக்காமல், சொன்ன மதிப்பீட்டைவிட மிக அதிகமாக வாங்குவதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் நியாயமற்ற செயலாகக் கருதுகிறது. 14 நாட்களில் பதில் இல்லையென்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், அப்புறம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே என்னைப் போன்றவர் மனுப்போட 10 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பையனின் சம்பளத்தில் இந்தப் பணத்தைப் பிடிக்காதீர்கள். ஒரு பஞ்சருக்கு அவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
யீஷூன் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, பேநவ் சான்று, இரண்டு ட்யூப்களின் படம், கம்பியின் படம். கம்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.